விசாரிக்க மறுத்த நாடு, விசாரித்த நாவல்

துப்பறியும் நாவல் என்பது விசாரணையின் இலக்கிய வடிவம். ஒரு கொலை நடக்கிறது. ஒருவர் வந்து கேள்வி கேட்கிறார். கடைசிப் பக்கத்துக்குள் கொலையாளியின் பெயர் வெளிவந்துவிடுகிறது. பெயர் தெரிந்தபின் சட்டம் தன் கடமையைச் செய்யும் என்ற நம்பிக்கையே இந்த வடிவத்தின் அடித்தளம். ஆனால், கொன்றவர் யாரென்று ஊருக்கே தெரிந்தும் நீதிமன்றமே அவரை விடுவித்து அனுப்பிய மண்ணில், துப்பறியும் நாவலுக்கு என்ன வேலை? அவையோரே, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் பெர்சிவல் எவரெட் 2021-இல் வெளியிட்ட 'தி ட்ரீஸ்' என்ற நாவல் இந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தது. விறுவிறுப்பான கதை என்றால் பொழுதுபோக்கு, அநீதி என்றால் வரலாற்று நூல் என்று கோடு கிழிப்பவர்களின் வாதத்தை இந்த ஒரு நூலே தகர்த்துவிடுகிறது.

நாவலைப் படிக்குமுன் வழக்கைப் படிக்க வேண்டும். 1955 ஆகஸ்டில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் சிகாகோவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்திலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்தான். மனி என்ற சிற்றூரின் கடை ஒன்றில், கடைக்காரரின் மனைவியான கரோலின் பிரையன்ட் என்ற வெள்ளையினப் பெண்ணிடம் வரம்பு மீறினான் என்பது அவன் மீது சுமத்தப்பட்ட பழி. ஆகஸ்ட் 28 அன்று விடியுமுன், அவளுடைய கணவர் ராய் பிரையன்டும் தாய் ஒருவரும் தந்தை வேறுமான அவருடைய சகோதரர் ஜே. டபிள்யூ. மைலமும் துப்பாக்கியுடன் வந்து சிறுவனை இழுத்துச் சென்றார்கள். மூன்று நாள் கழித்து டாலஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. பருத்தி ஜின்னிங் ஆலையின் கனத்த இரும்பு விசிறி முள்கம்பியால் கழுத்தில் கட்டப்பட்டிருந்தது. தாய் மேமி டில் சவப்பெட்டியை மூட மறுத்தார். தன் பிள்ளைக்கு நேர்ந்ததை உலகம் பார்க்கட்டும் என்றார். கறுப்பின மக்களின் 'ஜெட்' இதழ் அந்த முகத்தை அச்சிட்டது.

செப்டம்பரில் சம்னர் நகர நீதிமன்றத்தில் ஐந்து நாள் விசாரணை நடந்தது. ஜூரியில் இருந்த 12 பேரும் வெள்ளையின ஆண்கள். சிறுவனின் தாத்தா முறையான மோஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, வந்தவர் இவரே என்று மைலமைக் கைநீட்டிக் காட்டினார். வெள்ளையரைக் கறுப்பர் விரல் நீட்டிக் குற்றம் சாட்டினால் உயிர் தங்காது என்றிருந்த காலம் அது. சாட்சி சொன்னபின் அவர் அந்த மாநிலத்திலேயே வாழ முடியாமல் வெளியேறினார். ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகக் கலந்து பேசி, இருவரும் குற்றமற்றவர்கள் என்றது. 1956 ஜனவரியில் அந்த இருவருமே பணம் பெற்றுக்கொண்டு, 'லுக்' இதழில் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இருமுறை விசாரிக்கக் கூடாது என்ற விதி அவர்களைக் காத்தது. குடிமக்களைக் காக்க எழுதப்பட்ட விதி கொலைகாரர்களின் கவசமானது.

இது ஓர் ஊரின் தவறு என்று சொல்லித் தப்ப முடியாது. கும்பல் படுகொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் மசோதாவை, அப்போது அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினரான ஜார்ஜ் ஹென்றி வைட் 1900-இல் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. 1922-இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதாவை, தென்மாநில உறுப்பினர்கள் முடிவின்றிப் பேசியே செனட்டில் சாகடித்தார்கள். கும்பல் படுகொலைக்கு எதிரான, எம்மெட் டில்லின் பெயர் தாங்கிய சட்டம் கையெழுத்தானது 2022 மார்ச்சில். முதல் மசோதாவுக்கும் அந்தக் கையெழுத்துக்கும் இடையே 122 ஆண்டுகள்! ஆற்றங்கரையில் அவன் நினைவாக நட்ட பலகையைக்கூடத் துப்பாக்கியால் சுட்டுச் சுட்டுத் துளைத்தார்கள். 2019-இல் குண்டு துளைக்காத பலகையை நிறுவ வேண்டியதாயிற்று.

எவரெட்டின் நாவல் அதே மனி ஊரில், நிகழ்காலத்தில் தொடங்குகிறது. பழைய கொலையாளிகளின் வழிவந்த வெள்ளையர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். கழுத்தில் முள்கம்பி. ஒவ்வொரு முறையும் அருகில் இன்னொரு சடலம்: எம்மெட் டில்லின் சிதைந்த முகத்தை ஒத்த ஒரு கறுப்பர். அந்தச் சடலம் பிணவறையிலிருந்து காணாமல் போகிறது, அடுத்த கொலை நடந்த இடத்தில் மீண்டும் கிடக்கிறது. மாநிலப் புலனாய்வுத் துறை அனுப்பும் துப்பறிவாளர்கள் எட், ஜிம் இருவரும் கறுப்பர்கள். உள்ளூர்க் காவலர்களுக்குக் கொலையைவிட இந்த இருவரின் வருகையே பெரிய தொந்தரவு. இப்படி, யார் கொன்றார் என்ற வழக்கமான கேள்வியைக் காட்டி வாசகரை உள்ளே இழுக்கும் நாவல், வேறொரு கேள்வியின் முன் நிறுத்துகிறது: 1955-இல் கொன்றவர்களை விட்டது யார்?

அந்தக் கேள்விக்கான ஆவணம் மாமா இசட் என்ற நூறு வயது கடந்த மூதாட்டியின் வீட்டில் இருக்கிறது. அவர் பிறந்த 1913 முதல் நாட்டில் நடந்த கும்பல் படுகொலைகள் ஏறக்குறைய அனைத்துக்கும் அவர் கோப்பு வைத்திருக்கிறார். அரசு வைத்திருக்க வேண்டிய பதிவேட்டை ஒரு தனிமனுஷி வைத்திருக்கிறார். நாவலின் ஓர் அத்தியாயம் முழுவதும் கொல்லப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல். பக்கம் பக்கமாகப் பெயர்கள், வேறெதுவும் இல்லை. டேமன் என்ற ஆராய்ச்சியாளர் அந்தப் பெயர்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதுகிறார். எழுதும்போது புள்ளிவிவரம் மறைகிறது, மனிதர் திரும்புகிறார். இதற்கு வரலாற்றில் முன்னோடி உண்டு. ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 1890-களிலேயே, உயிருக்கு அச்சுறுத்தல் இருந்தும், இந்தப் படுகொலைகளைத் தொகுத்து நூல்களாக வெளியிட்டார். 2018-இல் அலபாமாவின் மாண்ட்காமரியில் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 800-க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் தொங்குகின்றன. கொலை நடந்த மாவட்டங்களின் பெயர்களும் மாண்டவர்களின் பெயர்களும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன.

நாவல் மீது இரண்டு ஆட்சேபங்கள் எழுகின்றன. முதலாவது, இத்தகைய கொடுமையைச் சொல்லும் நூலில் நகைச்சுவை எதற்கு என்பது. எவரெட் கும்பல் படுகொலையில் மாண்டவர்களைக் கண்டு ஒரு வரியிலும் சிரிக்கவில்லை. இனவெறியர்களின் அறியாமையையும் முகமூடிக் கூட்டங்களின் கோழைத்தனத்தையுமே சிரிப்புக்கு உள்ளாக்குகிறார். பல தலைமுறைகளை அச்சத்தில் வைத்திருந்தவர்களை அச்சமின்றிப் பார்க்க அந்தச் சிரிப்பு வாசகரைப் பழக்குகிறது. இரண்டாவது, பழிவாங்கலை நாவல் ஆதரிக்கிறது என்பது. பாட்டன் செய்த கொலைக்குப் பேரன் சாவது நீதியாகாது. எந்த நேர்மையான வாசகரும் அதை ஏற்கமாட்டார். நாவலும் அதைத் தீர்வாக முன்வைக்கவில்லை. கொலைகள் நாடெங்கும் பரவி யாராலும் அடக்க முடியாத நிலையிலேயே கதையை முடிக்கிறது. நீதியின் வாசல் அடைபட்ட இடத்தில் பழி தலைதூக்கும் என்ற எச்சரிக்கை அது. அந்த எச்சரிக்கைக்குக் கோபப்படுவோர், வாசலை அடைத்தவர்கள் மீது முதலில் கோபப்படட்டும்.

இப்படி எழுதுவதில் எவரெட் தனியாக இல்லை. சிறையில் எழுதத் தொடங்கிய செஸ்டர் ஹைம்ஸ் 1957 முதல் ஹார்லெமைக் களமாக்கித் துப்பறியும் நாவல்கள் எழுதினார். வால்டர் மோஸ்லி 1990-இல் வெளியிட்ட 'டெவில் இன் எ ப்ளூ டிரஸ்' நாவலில், போரிலிருந்து திரும்பிய கறுப்பர் ஒருவர் வேலை இழந்து, வீட்டுக் கடனைக் கட்ட வழியின்றித் துப்பறிவாளராகிறார். காவல்துறை தன்னைக் காக்கும் என்று நம்ப முடியாத மனிதர், தானே உண்மையைத் தேடுகிறார். கறுப்பினத் துப்பறியும் நாவல் மரபின் முதுகெலும்பு அதுதான்.

ஆகவே, சான்றோரே, இந்த நாவலைப் படிக்கும் முறையும் ஒரு கடமை. கொலையாளி யார் என்று அறியும் அவசரத்தில் பெயர்ப் பட்டியலைப் புரட்டிவிட்டுப் போகும் வாசகர், சம்னர் நகர ஜூரி ஒரு மணி நேரத்தில் செய்ததையே தானும் செய்கிறார். ஒவ்வொரு பெயரையும் நின்று படிப்பவர், நடக்காமற்போன விசாரணையில் சாட்சியாக அமர்கிறார். நாவல் யாரையும் சிறைக்கு அனுப்பாது, எந்தத் தீர்ப்பையும் திருத்தாது. கொன்றவர் யார், காத்தவர் யார், வாய்மூடி நின்றவர் யார் என்பதை இனி எவரும் மறுக்க முடியாதபடி பதிவு செய்வது அதன் பணி. அந்தப் பணியை எவரெட்டின் நாவல் செய்து முடித்திருக்கிறது. படிக்கும் பொறுப்பு வாசகருடையது.