மைலேஜ் வலது காலில் இருக்கிறது

மைலேஜ் குறைந்தால் இன்ஜினைத்தான் திட்டுகிறோம். ஆனால், நெடுஞ்சாலையில் எரிபொருளைப் பெரிதும் தின்பது எதிர்க்காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் வேகம் கூடுவது 25 சதவீதம்; காற்றுத் தடை கூடுவதோ 56 சதவீதம். டயர், இன்ஜின் உராய்வுகளும் சேர்ந்திருப்பதால் எரிபொருள் செலவு அதே அளவுக்கு ஏறாது. ஆனாலும் கையைக் கடிக்கும். நேரம் வீணாகுமே என்பீர்கள். 100 கிலோமீட்டருக்கு வித்தியாசம் 15 நிமிடம்தான்!

நகரத்துக்குள் இந்தக் கணக்கு செல்லாதே என்றால், உண்மைதான். அங்கே பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகத்தை ஒவ்வொரு பிரேக்கும் வெப்பமாக்கி வீணடிக்கிறது. ஆகவே, தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். டயர் உராய்வு கூடாமலிருக்க, வண்டி ஓடி டயர் சூடாகுமுன் அதன் காற்றழுத்தத்தையும் மாதம் ஒருமுறை சரிபாருங்கள். இவற்றுக்குக் காசு செலவில்லை, நிதானம் போதும்.