களஞ்சியமும் படியும்: கிட்ஹப்பின் வளர்ச்சியும் தமிழின் கருவிகளும்



மொழியியல் கற்ற ஒருவர் கணினி நிறுவனமொன்றின் வளர்ச்சியைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். காரணம் எளிது. தமிழ் எழுத்துருக்கள், தமிழ்ச் சொற்பட்டியல்கள், தமிழில் நாளையும் எண்ணையும் எழுதும் முறைகள் ஆகியவற்றுக்கான நிரல்களிலும் தரவுகளிலும் பல, இன்று கிட்ஹப் என்னும் ஒரு நிறுவனத்தின் களஞ்சியங்களில் வைத்துப் பேணப்படுகின்றன. நம் மொழியின் கருவிகள் எங்கே இருக்கின்றன? அவற்றை யார் திருத்தலாம்? அந்த இடம் நாளை மூடப்பட்டால் நம்மிடம் என்ன எஞ்சும்? இம்மூன்று வினாக்களும் மொழியறிஞர்க்கும் உரியவை.

படியெடுத்தலும் பாடவேறுபாடும்

உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு படியில் ஒரு சொல் இருக்கும். மற்றொரு படியில் அவ்விடத்தில் வேறொரு சொல் இருக்கும். எதனைக் கொண்டோம், எதனை விலக்கினோம் என்று குறித்து வைப்பது பதிப்பாசிரியரின் கடமை. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அவற்றைத் தாங்கிய படி ஒன்றேனும் நம் கைக்கு வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள்.

நிரல் எழுதுவோர்க்கும் இதே சிக்கல் உண்டு. ஒரே நிரலைப் பலர் பல ஊர்களிலிருந்து திருத்தும்போது, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று அறிய வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை எழுதியோர் இப்பணிக்குப் பிட்கீப்பர் என்னும் தனியுடைமைக் கருவியைப் பயன்படுத்தி வந்தனர். 2005ஆம் ஆண்டு அதன் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டது. உடனே லினஸ் டோர்வால்ட்சு, 'கிட்' என்னும் புதிய கருவியை எழுதத் தொடங்கினார். அதன் தலையாய இயல்பு ஒன்றுண்டு: படியெடுத்த ஒவ்வொருவரிடமும் நிரல் மட்டுமன்றி, அதன் திருத்த வரலாறு முழுவதும் வந்து சேரும். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்தவர்கள் கனவு கண்டிருக்கக்கூடிய ஏற்பாடு இது.

கிட்ஹப் வளர்ந்த வகை

கிட் ஒரு கருவி. கிட்ஹப் அக்கருவியைக் கொண்டு நிரல்களை வைக்க இடம் தரும் நிறுவனம். இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். சான்பிரான்சிசுகோ நகரில் டாம் பிரெஸ்டன்-வெர்னர், கிறிஸ் வான்ஸ்ட்ராத், பி. ஜே. ஹயட், ஸ்காட் சக்கோன் ஆகியோர் உருவாக்கிய கிட்ஹப், 2008 ஏப்ரலில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. திறந்த மூல நிரலுக்கு இடம் தருவதில் அது முன்னோடி அன்று. சோர்ஸ்ஃபோர்ஜ் 1999இலேயே தோன்றியது. கூகுள் கோடு 2006இல் வந்தது. பிந்தி வந்த கிட்ஹப் முந்தியது ஏன்?

முதற்காரணம், அதன் கட்டண முறை. யாவரும் காணத் திறந்து வைத்த நிரலுக்குக் கட்டணம் இல்லை. மறைத்து வைக்க விரும்பியவரே பணம் செலுத்தினர். இரண்டாவது காரணம், திருத்தம் செய்யும் வழியை அது எளிதாக்கியது. முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலில் பிழை கண்டால், அதைப் படியெடுத்துத் திருத்தி, 'என் திருத்தத்தை ஏற்றுக்கொள்க' என்று வேண்டுகை அனுப்பலாம். உரியவர் அதை வரி வரியாகப் பார்த்து, கருத்துரைத்து, ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். முன் அனுமதி பெற்றவர் மட்டுமே கைவைக்கலாம் என்ற நிலை மாறி, எவரும் முன்மொழியலாம் என்ற நிலை வந்தது.

நான்கு ஆண்டுகள் வெளி முதலீடு பெறாமல் நடந்த நிறுவனம் 2012இல் 10 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டைப் பெற்றது. கூகுள் கோடு 2016இல் மூடப்பட்டது; அங்கிருந்த திட்டங்கள் பல கிட்ஹப்புக்குக் குடிபெயர்ந்தன. 2018இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனை 750 கோடி டாலருக்கு, நம் நாட்டு வழக்கில் சொன்னால் 7.5 பில்லியனுக்கு, வாங்கியது. அப்போது ஏறத்தாழ 2.8 கோடியாக இருந்த பயனர் எண்ணிக்கை 2023 சனவரியில் 10 கோடியை எட்டியது.

அந்தக் களஞ்சியத்தில் தமிழ்

தமிழ்க் கணிமையில் மலேசியாவுக்கு மூத்த பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய 'முரசு' இம்மண்ணில் பிறந்தது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடைபெற்றது. ஆனால் அந்நாள்களில் எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் என்னும் குழப்பம் நிலவியது. டிஸ்கி, டாம், டாப் என வகைகள் பலவாயின. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் படிக்க இயலாது. யூனிகோடு பரவிய பிறகு, பழைய கோப்புகளை மாற்றித் தரும் நிரல்கள் தேவைப்பட்டன.

இத்தகைய மாற்றிகளைக் கொண்ட திறந்த மூல நிரல்தொகுதி ஒன்று 'ஓப்பன்-தமிழ்' என்னும் பெயரில் கிட்ஹப்பில் உள்ளது. முத்து அண்ணாமலையும் தன்னார்வலர் பிறரும் அதை வளர்த்துள்ளனர். அதன் அடிப்படைப் பணி ஒன்றை மட்டும் சுட்டுகிறேன். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை என்று தொடக்கப்பள்ளிக் குழந்தையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். யூனிகோடு முறையிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகள் உள்ளன. கணினியைக் குழந்தையைப் போல மூன்று என்று எண்ண வைப்பது இந்நிரலின் வேலை. யாப்பு ஆராய்ச்சி, சொல் விளையாட்டு, பிழைதிருத்தி யாவற்றுக்கும் இதுவே முதற்படி.

இன்னொரு சான்று நமக்கு மிக நெருங்கியது. யூனிகோடு சேர்த்தியம், உலக மொழிகளின் நாள், எண், நாணயம் முதலியவற்றை எழுதும் முறைகளைத் திரட்டிப் பேணுகிறது. அத்தரவின் மூலமும் கிட்ஹப்பில் வைக்கப்பட்டுள்ளது. கைப்பேசிகளும் கணினிகளும் அதைப் பின்பற்றுகின்றன. அதில் இந்தியத் தமிழுக்கு 12,34,567 என்று காற்புள்ளி இடப்படும். மலேசியத் தமிழுக்கு 1,234,567 என்று இடப்படும். மலேசியத் தமிழ் தனிக் கணக்கு உடையது என்பதை அந்தச் சிறு வரி ஒப்புக்கொள்கிறது. ஒருவர் அதைக் குறித்து வைத்ததால்தான் அது அங்கே இருக்கிறது. குறித்து வைக்கப்படாதவை எவ்வளவோ! சாலையைச் 'சடக்கு' என்கிறோம், சிற்றூரைக் 'கம்பம்' என்கிறோம், 'பசியாறினீர்களா?' என்று கேட்கிறோம். சொற்பட்டியலில் இவை இடம்பெறாவிட்டால், நம் பேரக்குழந்தைகளின் திரையில் பிழைதிருத்தி இச்சொற்களின் அடியில் சிவப்புக் கோடிடும். வழக்கில் உள்ள சொல் பிழையாகிவிடும்.

இடம் பிறருடையது

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. திறந்த மூலத்திற்கு இடம் தந்து வளர்ந்த கிட்ஹப்பின் சொந்தத் தள நிரல் திறந்த மூலம் அன்று. அது அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனம். 2019இல் அந்நாட்டுப் பொருளாதாரத் தடைகளின் காரணமாக ஈரான், சிரியா, கிரிமியா பகுதிப் பயனர்களின் சில சேவைகள் முடக்கப்பட்டன. ஈரானியர்க்கு 2021இல்தான் முழுச் சேவையும் மீண்டது. அவர்கள் செய்த குற்றம் ஏதுமில்லை. வாழும் இடமே காரணம்.

நிரல் மட்டும் என்றால் அஞ்ச வேண்டியதில்லை. படியெடுத்தவர் கையில் அது முழு வரலாற்றோடும் இருக்கும். ஆனால் பலர் கவனிக்காத வேறுபாடு ஒன்றுண்டு. ஒரு சொல்லை ஏன் ஏற்றோம், ஒரு வடிவத்தை ஏன் விலக்கினோம் என்று நடந்த உரையாடல்கள் நிறுவனத்தின் தளத்தில் இருக்கின்றன. கிட் வழியே படியெடுக்கும்போது அவை உடன் வருவதில்லை. பாடம் கிடைக்கும், பதிப்புரை தங்கிவிடும். மொழிப் பணியில் பதிப்புரைக்குப் பாடத்துக்கு நிகரான மதிப்பு உண்டு.

நாம் செய்யத்தக்கவை

கிட்ஹப்பைப் புறக்கணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உழவர் தம் நெல்லைப் பிறர் களஞ்சியத்தில் வைக்கலாம். விதைநெல்லை வீட்டிலும் வைத்திருப்பார். அவ்வாறே மூன்று பணிகளை இம்மன்றத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, மலேசியத் தமிழ் வழக்குச் சொற்களைப் பொருளும் எடுத்துக்காட்டும் சேர்த்துத் தொகுத்து, எவரும் பயன்படுத்தலாம் என்னும் தெளிவான உரிமத்தோடு வெளியிட வேண்டும். உரிமம் குறிக்கப்படாத பட்டியலை எந்த நிரலாளரும் துணிந்து எடுத்துக்கொள்ள இயலாது. இரண்டாவது, ஒவ்வொரு முடிவுக்கும் உரிய காரணத்தை அக்களஞ்சியத்துக்குள்ளேயே ஒரு கோப்பாக எழுதி வைக்க வேண்டும். அப்போது படியெடுப்பவர்க்கு அதுவும் சேர்ந்து வரும். மூன்றாவது, கிட்ஹப்பில் ஒரு படி, வேறொரு தளத்தில் ஒரு படி, நம் நாட்டு நூலகமொன்றில் ஒரு படி என மூன்று இடங்களில் பேண வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. சொல்லறிந்த ஆசிரியர்களும் கணினி அறிந்த மாணவர்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறைய இருக்கிறார்கள். இரு சாராரும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும். அந்த மேசையை இம்மன்றம் இட்டுத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.