வென்றவர் இல்லாத வழக்கு

கடவுளின் விருப்பமின்றி ஒரு சிட்டுக்குருவியும் தரையில் விழாது என்று கற்பிக்கும் அதே மறைநூல், மனந்திரும்புமாறு மனிதனுக்குக் கட்டளையும் இடுகிறது. மறுக்கவும் முடிந்தவனுக்கே கட்டளை இடப்படும் ஆதலால், கிறிஸ்தவ இறையியலில் இறையாண்மையும் மனிதனின் விருப்புரிமையும் தொடக்கம் முதலே ஒரே கூரையின்கீழ் உரசிக்கொண்டு வாழ்ந்து வருகின்றன. இறையாண்மை என்பது படைப்பின்மீதும் நிகழ்வுகள் அனைத்தின்மீதும் கடவுளுக்கு உள்ள முழு ஆட்சி. விருப்புரிமை என்பது நன்மையும் தீமையும் எதிரே நிற்க, பிறரால் தள்ளப்படாமல் ஒன்றைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆற்றல். 418ஆம் ஆண்டுக் கார்த்தேஜ் சங்கம் அருளின் துணையின்றியே மனிதன் நல்வழி நிற்க முடியும் என்ற பெலாஜியுசின் கொள்கையைக் கண்டித்து, அருளே முதல் என்ற அகுஸ்தீனின் பக்கம் நின்றதோடு இந்த வாதம் ஓய்ந்திருக்க வேண்டும், ஓயவில்லை.

அந்த நெடிய வரலாற்றில் இங்கே எடுத்துக்கொள்ளத் தக்கது, வென்றவர் எவரும் இல்லாத ஒரு வழக்கு. 1588இல் லூயிஸ் தெ மொலினா என்னும் ஸ்பானிய இயேசு சபைத் துறவி லிஸ்பன் நகரில் 'கொன்கோர்தியா', அதாவது 'இசைவு' என்று பெயரிட்ட நூலை வெளியிட்டார். இசைவு ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அதனால் விளைந்தன. மனிதன் தன் முயற்சியால் ஈட்ட முடியாததும், மீட்புக்கு இன்றியமையாததுமான கடவுளின் கொடையே அருள் என்பதில் மொலினாவின் தரப்பாருக்கும் அவரை எதிர்த்த தொமினிக்கன் சபையினருக்கும் வேறுபாடு இல்லை. அருளே முதலில் மனிதனைத் தொடுகிறது என்றும், தொடப்பட்ட மனிதன் அதை மறுக்கவும் முடியும் என்றும் 1547இல் திரெந்து பொதுச்சங்கம் அறுதியிட்டிருந்தது. அது எப்படி என்று மட்டும் சங்கம் விளக்கவில்லை. சண்டை முழுவதும் அந்த 'எப்படி'யைப் பற்றியதே.

சலமான்காவில் கற்பித்த தொமினிக்கன் சபை இறையியலாளர் தொமிங்கோ பான்யெஸ், படைக்கப்பட்ட எதுவும் முதற்காரணராகிய கடவுளால் முன்னதாக இயக்கப்படாமல் செயற்பட இயலாது என்னும் அடிப்படையில் நின்றார். மனித விருப்பமும் இந்த 'முன்னியக்கத்தால்'தான் செயலுக்கு வருகிறது. ஆயினும் ஒவ்வொன்றையும் அதனதன் இயல்புக்கு ஏற்பவே கடவுள் இயக்குவதால், சுதந்திர இயல்புடைய விருப்பம் சுதந்திரமாகவே செயற்படுகிறது என்பது அவர் வாதம். மொலினாவோ, இருக்கக்கூடியவை அனைத்தையும் அறியும் அறிவுக்கும், தம் தீர்மானத்தால் நிகழப்போகின்றவற்றை அறியும் அறிவுக்கும் நடுவே, எந்தச் சூழலில் நின்றால் எந்த மனிதன் தானாகவே எதைத் தேர்வான் என்று அறியும் 'இடையறிவு' ஒன்று கடவுளுக்கு உண்டு என்றும், அதைக் கொண்டு மனிதனின் தேர்வைக் கட்டாயப்படுத்தாமலே அவர் ஆள்கிறார் என்றும் சொன்னார்.

இதற்கு மொலினாவின் தரப்பார் காட்டும் சான்று முதலாம் சாமுவேல் நூலின் 23ஆம் அதிகாரத்தில் உள்ளது. தம்மைத் துரத்தும் மன்னர் சவுல் படையெடுத்து வருவாரா, தாம் தங்கியிருக்கும் கெயிலா நகரத்தார் தம்மைக் காட்டிக்கொடுப்பார்களா என்று தாவீது கடவுளிடம் கேட்க, இரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைக்கிறது. தாவீது நகரைவிட்டு வெளியேறிவிடுகிறார். சவுலும் வரவில்லை, காட்டிக்கொடுப்பும் நிகழவில்லை. நிகழாமலே போன ஒன்றைக் கடவுள் அறிந்திருந்தார் என்றும், அந்த அறிவால் எவருடைய கையும் கட்டப்படவில்லை என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். அழகான விடைதான், ஆனால் இன்னும் படைக்கப்படாத மனிதனின் தேர்வு, கடவுளின் தீர்மானத்துக்கும் முன்பே உண்மையாக நிற்குமாயின், அவர் ஆட்சிக்கு வெளியே ஓர் உண்மை உண்டென்று ஆகாதா என்று எதிர்த்தரப்பு கேட்டது. மறுபுறம், எல்லாச் செயலும் முன்னியக்கத்தின் விளைவாயின் பாவச் செயலுக்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி பான்யெஸின் தரப்பைத் துரத்தியது. பிறர் வீட்டு ஓட்டை இருவர் கண்ணிலும் தெளிவாகவே பட்டது.

தொமினிக்கர்கள் மொலினாவைப் பெலாஜியுசின் வாரிசு என்றனர். இயேசு சபையினர் பான்யெஸை, முன்குறிப்பைப் போதித்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்தர் கால்வினே முகமூடி அணிந்து வந்தவர் என்றனர். 1594இல் வழக்கை ரோமுக்கு எடுத்துக்கொண்ட திருத்தந்தை எட்டாம் கிளமெந்து, 1602 முதல் தாமே முன்னிருந்து வாதங்களைக் கேட்டு, முடிவு காணாமலே 1605இல் இறந்தார். ஐந்தாம் பவுல் தொடர்ந்தார். இரு திருத்தந்தையர் முன்னிலையில் நடந்த அமர்வுகள் 85. கடைசியில் 1607 ஆகஸ்டு 28 அன்று, அதுவும் அகுஸ்தீனின் திருநாளில், கர்தினால்களைக் கலந்த பவுல், இரு தரப்பாரும் தத்தம் கொள்கையைக் கற்பிக்கலாம், ஒருவரையொருவர் பழித்தல் ஆகாது என்று முடித்தார். வெனிஸ் நகரக் குடியரசோடு அவருக்கு மூண்ட பூசலில் அவர் பக்கம் நின்றதற்காக இயேசு சபையினர் அந்நகரிலிருந்து துரத்தப்பட்டிருந்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது; அவர்களை அந்நேரத்தில் கண்டிப்பது எளிதன்று.

எனினும் இதை வெறும் அரசியல் நழுவல் என்று தள்ளுவது பிழை. கடவுள் ஆள்கிறார், மனிதன் தேர்கிறான் என்பவை நம்பிக்கைக்கு உரியவை, இரண்டும் இணையும் முறை ஆய்வுக்கு உரியது என்ற கோடு அன்று இழுக்கப்பட்டது. கோடு இழுக்கப்படாத இடத்தில் நேர்ந்ததற்கு நெதர்லாந்து சான்று. தாம் முன்னறிந்த நம்பிக்கையின் அடிப்படையில் கடவுள் மனிதரைத் தெரிந்துகொள்கிறார் என்ற புராட்டஸ்டன்ட் இறையியலாளர் ஆர்மினியுசின் வழியினரை 1618–19இல் கூடிய சீர்திருத்தத் திருச்சபையின் டோர்ட் சங்கம் கண்டித்தது. போதகர்கள் பதவி இழந்தனர். அரசியல் பகையும் சேர்ந்துகொள்ள, அவர்களுக்கு ஆதரவாக இருந்த நாட்டின் முதுபெரும் அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே மாதம் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். சட்ட அறிஞர் ஹியூகோ குரோத்தியுஸ் சிறைப்பட்டு, பின்னர் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார்.

ரோமின் மௌனத்துக்கும் விலை இல்லாமல் இல்லை: 1611இல் அருளைப் பற்றி முன் அனுமதியின்றி நூல் வெளியிடலாகாது என்று ஆணை பிறந்தது. தக்க காலத்தில் தீர்ப்பு அறிவிக்கப்படும் என்று ஐந்தாம் பவுல் கூறியிருந்தார். நான்கு நூற்றாண்டுகள் கடந்தும் அந்த அறிவிப்பு வெளிவரவில்லை.