12,000 மணி நேரம் பறந்த விமானத்தை வாங்கலாமா?

இன்னைக்குப் பேசப்போறது கொஞ்சம் பெரிய இடத்து விஷயம் மாதிரி தெரியும். ஆனா பழைய டிராக்டரோ பழைய போட் இன்ஜினோ வாங்கப் போறவங்களும் கேட்கலாம். உங்களுக்கும் இதுல பங்கு இருக்கு.

என் அக்கா மகனுக்குப் பைலட் லைசன்ஸ் இருக்கு. ரெண்டு நண்பர்களோட சேர்ந்து ஒரு பழைய செஸ்னா 172 வாங்கி, புதுச்சேரியில நிறுத்தலாம்னு முடிவு பண்ணிட்டான். அவனோட பங்குக்குத் திண்டிவனம் பக்கத்துல இருந்த நிலத்தை வித்த பணம். அக்காவுக்கு அது ஒண்ணுதான் கையிருப்பு. நான் முப்பது வருஷம் விமானப் பராமரிப்பு இன்ஜினியரா வேலை பார்த்தவன். அதனால என்கிட்ட வந்தான். "மாமா, மொத்தம் 12,000 மணி நேரம் ஓடியிருக்கு. அது ஒண்ணுதான் யோசனையா இருக்கு. ஆனா இன்ஜின் ஓவர்ஹால் பண்ணி 600 மணிதான் ஆச்சு, புதுசு மாதிரி"ன்னான்.

முதல்ல இந்த ரெண்டு எண்ணையும் பிரிச்சுப் பார்க்கணும். 12,000ங்கறது விமானத்தோட உடம்புக்கு ஆன வயசு. இன்ஜினோட கணக்கு வேற. 172-ல பல மாடல்கள்ல இருக்கிற லைகமிங் இன்ஜின்களுக்கு, 2,000 மணி அல்லது 12 வருஷம், எது முந்தி வருதோ அதுல ஓவர்ஹால் பண்ணச் சொல்லி கம்பெனியே பரிந்துரை பண்ணியிருக்கு. அப்படிப் பார்த்தா 12,000 மணி ஓடின விமானத்துல இன்ஜின் அஞ்சாறு தடவை பிரிச்சுக் கட்டினதாவோ மாத்தினதாவோ இருக்கும். ஆரம்பத்துல இருந்து அப்படியே மிச்சம் இருக்கிறது அலுமினியக் கூடுதான்.

மணி அதிகம்னாலே பயப்படணுமா? 1958 டிசம்பர்ல லாஸ் வேகாஸ்ல ஒரு செஸ்னா 172 மேல ஏறினது, 1959 பிப்ரவரியிலதான் இறங்குச்சு. 64 நாள், 22 மணி நேரம். ரோட்டுல ஓடற லாரியில இருந்து குழாய் வழியா பெட்ரோல் வாங்கிக்கிட்டே பறந்தாங்க. கிட்டத்தட்ட 1,560 மணி நேரம் இன்ஜின் நிக்கவே இல்ல.

இது எங்க ஊர்க்காரங்களுக்கு ஆச்சரியமா இருக்காது. நான் மரக்காணம். அப்பா உப்பளத்துல வேலை பார்த்தவர். பாத்திக்குத் தண்ணி இறைக்கிற டீசல் இன்ஜின் சீசன் முழுக்க ராப்பகலா ஓடும், ஒண்ணும் ஆகாது. ஐப்பசி மழைக்கு நிறுத்தி, பொங்கல் கழிச்சு மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போதுதான் வம்பு. உப்புக்காத்துல மூணு மாசம் சும்மா கிடந்ததுக்கான கூலியை அப்பத்தான் கேட்கும்.

லைகமிங்ல இது இன்னும் மோசம். கேம் ஷாஃப்ட் மேல் பக்கம் இருக்கு. இன்ஜினை நிறுத்தி வச்சா ஆயில் கீழ வடிஞ்சு, கேம் உலர்ந்துபோய் துரு பிடிக்கும். அந்தத் துரு ஏறின முனையோட ஓட்டினா உலோகம் தேய்ஞ்சு தூளா ஆயிலுக்குள்ள வரும்.

லாக் புக்கை வாங்கிப் பார்த்தேன். 600 மணி உண்மைதான். ஆனா அந்த ஓவர்ஹால் நடந்து 11 வருஷம் ஆச்சு. கடைசி அஞ்சு வருஷத்துல மொத்தமே 70 மணி நேரம். அந்த அஞ்சு வருஷமும் ஒரு கடலோர ஊர்ல, ஹேங்கர் இல்லாம, திறந்த வெளியில நின்னிருக்கு. விளம்பரத்துல இதெல்லாம் எங்கே வரப்போகுது.

நேர்ல போனோம். பெயின்ட் பளபளன்னு இருந்துச்சு. பழைய விமானத்துல புது பெயின்டைப் பார்த்தா எனக்குச் சந்தேகம்தான் வரும். சோதனை மூடிகளைக் கழட்டி, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வச்சு உள்ளே பார்த்தேன். றெக்கையைத் தாங்கற ஸ்ட்ரட் வந்து சேர்ற இடத்துல, ரிவெட் ஓரமா வெள்ளைப் பொடி. அலுமினியத்துக்குத் துரு பிடிக்காதுன்னு சொல்வாங்க. சிவப்பாத் துரு வராது, அவ்வளவுதான். வெள்ளையா அரிக்கும், உள்ளே ஊதிக்கிட்டு தகட்டை அடுக்கடுக்கா உரிக்கும். விரல்ல தடவி அவன்கிட்ட காட்டினேன். "தூசி மாமா"ன்னான்.

கூட்டோட மணிக்கணக்கும் முக்கியம்தான், இல்லைன்னு சொல்லல. 2018 ஏப்ரல்ல அமெரிக்காவுல டேடோனா பீச்ல ஒரு பைப்பர் பயிற்சி விமானத்தோட றெக்கை, வானத்துலயே கழண்டுச்சு. ரெண்டு பேர் இறந்தாங்க. சுமார் 7,700 மணி ஓடின விமானம். றெக்கையோட முக்கிய உத்தரத்துல உலோகக் களைப்பால வெடிப்பு. அதுக்கப்புறம் அமெரிக்க விமானத் துறை, அந்தக் குடும்பத்துல சில மாடல்களுக்குச் சோதனை கட்டாயம்னு உத்தரவு போட்டுச்சு. அதுல கணக்குப் போட்ட விதம் எனக்குப் பிடிச்சுது: பயிற்சி மாதிரி கடும் உபயோகத்துல ஓடின மணி முழுசா சேரும், மத்த மணியைப் பதினேழால வகுத்துச் சேர்க்கணும். ஒரே மணி, யார் எப்படி ஓட்டினாங்கங்கறதைப் பொறுத்து எடை மாறுது.

உப்பும் சேர்ந்தா என்ன ஆகும்? 1988-ல ஹவாயில அலோஹா ஏர்லைன்ஸ் 737-ஓட மேல்கூரை நடுவானத்துல பிய்ஞ்சுபோச்சு. ஒரு விமானப் பணிப்பெண் இறந்தாங்க. 89,680 தடவை ஏறி இறங்கின விமானம், தீவுக்குத் தீவு கடல் காத்துலயே ஓடினது. பெரிய ஜெட்டுதான், ஆனா அதுவும் அலுமினியம்தான். செஸ்னா கம்பெனியும் தன்னோட பழைய விமானங்களுக்கான கூடுதல் சோதனைப் புத்தகத்துல, உலக வரைபடத்துல அரிப்பு கடுமையான பகுதிகளைத் தனியாகக் குறிச்சிருக்கு.

நான் வேண்டாம்னேன். அரிப்பு எவ்வளவு ஆழம்னு தெரியணும்னா பேனலைப் பிரிச்சாகணும். பிரிச்ச பிறகு வர்ற பில்லு, நிலம் வித்த பணத்தோட நிக்காது. ரெண்டு மாசம் அவன் என்கூடப் பேசல. அக்காவும் "பையன் ஆசையைக் கெடுத்துட்டியே"ன்னு வருத்தப்பட்டா.

இன்னொண்ணும் அவன்கிட்ட சொன்னேன். நல்ல விமானமே கிடைச்சாலும் நீ நிறுத்தப்போறது புதுச்சேரியில. அங்கேயும் இதே காத்துதான். ஹேங்கர் வாடகை, நல்ல தண்ணியில அடிக்கடி கழுவறது, இடுக்குல அரிப்புத் தடுப்பு எண்ணெய் அடிக்கறது, இதையெல்லாம் விலையோட சேர்த்துப் போடு. வெளிநாட்டுல இருந்து கொண்டு வர்றதா இருந்தா டிஜிசிஏ-வோட வயசு விதியை முதல்ல படி, அட்வான்ஸ் அப்புறம். பெட்ரோல் மட்டும் முன்னைக்குப் பரவாயில்ல. ஏவ்கேஸ் முழுக்க இறக்குமதியா இருந்துச்சு, 2022 செப்டம்பர்ல இந்தியன் ஆயில் இங்கேயே தயாரிச்சு விற்பனைக்குக் கொண்டு வந்துடுச்சு.

போன வாரம் அவனே கூப்பிட்டான். இன்னொரு 172, 14,000 மணி. உள்நாட்டுல கடலுக்குத் தூரமான ஊர், ஹேங்கர்ல நிக்குது, மாசம் தவறாமப் பறந்திருக்கு. ஆனா ஓவர்ஹால் பண்ணி 1,700 மணி ஆச்சாம், அதனால இன்ஜின் செலவு சீக்கிரமே வரும். அதை விலையில குறைக்கச் சொல்லியிருக்கான். லாக் புக் முழுசையும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னேன். இதுவரைக்கும் ரெண்டு புத்தகம் வந்திருக்கு, மூணாவதைத் தேடறாங்களாம். அது வரட்டும், அப்புறம் நேர்ல போகலாம்னு இருக்கோம்.