சவன்னா நகரின் பழைய ஆலயம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜோர்ஜியா மாநிலத்திலே சவன்னா என்னும் துறைமுக நகரம் உண்டு. நிழல் தரும் சதுக்கங்களாலும் பழைய மாளிகைகளாலும் புகழ்பெற்றது அந்நகர். ஆங்கு பிராங்ளின் சதுக்கத்தை அடுத்து நிற்கும் முதல் ஆபிரிக்க பப்திஸ்து சபையின் ஆலயமோ, அடிமைகளாய் வாழ்ந்த மக்கள் தமக்கென எழுப்பிய இல்லமாகும்.

பப்திஸ்து கிறிஸ்தவர்களுக்குச் சிறப்பான கொள்கைகள் இரண்டு. விசுவாசத்தைத் தாமே அறிந்து ஏற்றவர்க்கே நீரில் முழுக்கி ஞானஸ்நானம் அளிப்பது ஒன்று. ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தெரிந்து, தன் காரியங்களைத் தானே தீர்மானிப்பது மற்றொன்று. தன் உடலின் மீதே உரிமையில்லாத ஒருவனுக்கு இவை எத்துணைப் பெரிய பேறாயிருந்திருக்கும்!

அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஜோர்ஜ் லைல் என்பவர் அப்பகுதியிலே போதித்து வந்தார். ஜமேக்காவுக்குப் புறப்படுமுன் அவர் ஞானஸ்நானம் அளித்தவர்களுள் அன்ட்ரூ பிரையன் ஒருவர். போதகம் செய்த குற்றத்துக்காகப் பிரையன் சவுக்கடி பட்டார், சிறையும் புகுந்தார், ஆயினும் போதகத்தை விட்டாரல்லர். 1788ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி அவர் முறைப்படி போதகராக அபிஷேகம் பெற்றார்.

இன்றுள்ள செங்கல் ஆலயம் 1859இல் நிறைவெய்தியது. பகலெல்லாம் எசமானருக்கு உழைத்தவர்கள் இரவிலே வந்து இதனைக் கட்டினார்கள் என்பது சபையின் மரபுரை. கீழ்மண்டபத்துத் தரைப்பலகையில் ஒழுங்கான வடிவிலே துளைகள் காணப்படுகின்றன. தரையின் கீழ் ஒளிந்திருந்த, தப்பியோடிய அடிமைகள் மூச்சு விடுவதற்காக அவை அமைக்கப்பட்டன என்று சபையார் சொல்லி வருகின்றனர்.

உள்நாட்டுப் போரின் இறுதிக் காலத்தில், 1865 ஜனவரி 12ஆம் திகதி, தளபதி ஷேர்மனும் போர்ச் செயலாளர் ஸ்டான்டனும் கறுப்பின சமயத் தலைவர்கள் 20 பேரைச் சவன்னாவில் சந்தித்தனர். ஏறக்குறைய 1,800 அங்கத்தவர்களைக் கொண்டிருந்த இச்சபையின் போதகர் வில்லியம் கம்பெலும் அவர்களுள் ஒருவர். விடுதலை பெற்ற மக்கள் தம்மைத் தாமே பேணுவதற்கு வேண்டுவது யாதென்று கேட்கப்பட்டது. குழுவின் சார்பில் மறுமொழி கூறிய கரிசன் பிரேசியர், சொந்த நிலமும் அதிலே உழைக்கும் வாய்ப்புமே வேண்டும் என்றார். நான்கு நாட்களில் நிலம் வழங்கும் கட்டளை பிறந்தது.

அவ்வாண்டு முடியுமுன்னரே, ஜனாதிபதி ஜோன்சனின் ஆணையால், அந்நிலத்தின் பெரும்பகுதி பழைய உடைமையாளருக்கே திரும்பலாயிற்று. ஆயினும், தம் காரியத்தைத் தாமே கூடிப் பேசித் தீர்க்கும் பழக்கத்தை எவராலும் பறிக்க இயலவில்லை. 1942இல், சவன்னாவில் நலிந்து கிடந்த குடியுரிமைச் சங்கக் கிளைக்குப் புத்துயிர் அளித்தவர் இதே சபையின் போதகராயிருந்த ரால்ஃப் மார்க் கில்பேர்ட் ஆவார்.

இன்றும் அவ்வாலயத்தில் ஞாயிறுதோறும் வழிபாடு நடைபெறுகின்றது. பார்க்க வருவோர் தரையிலுள்ள துளைகளைக் குனிந்து நோக்குகின்றனர். அத்தரையின் மீது கூடியிருந்தோர், நாடு தமக்கு வாக்குரிமை தருவதற்கு நெடுங்காலம் முன்னரே, தம் போதகரைத் தாமே தெரிந்தெடுத்து வந்தனர் என்பதும் நினைவில் இருத்தற்குரியது.