கார்டு இல்லாத மிஷினில் கை வைக்காதீர்!

(பட்டறைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே!

லாரி பாடி என்றால் நாமக்கல், ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு என்று நாடெங்கும் பேசுகிறார்கள். தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்த கைகளுக்கு உரிய பெருமை அது. அந்தக் கைகள் முழுசாக வீடு திரும்ப வேண்டாமா?

கைக் கத்திரியால் மெல்லிய தகட்டை வெட்டுகிறோம். கை நின்றால் கத்திரி நிற்கும். ஷேரிங் மிஷின் அப்படியல்ல. மிதியை அழுத்தினால் மேல்கத்தி இறங்கும். தகடு எது, விரல் எது என்று அதற்குப் பேதம் தெரியாது. கையில் பிடித்து வெட்டும் கிரைண்டரோ நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றுகிறது. அதன் நாலங்குலச் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நாம் பாடி கட்டும் எந்த லாரியும் அந்த வேகம் போகாது! சக்கரம் தகட்டில் இறுகி உடைந்தால் அதன் சில்லு அதே வேகத்தில் கண்ணுக்கு வரும்.

அதைத் தடுக்கத்தான் கார்டு என்ற இரும்பு மூடி இருக்கிறது. பல பட்டறைகளில் அதைக் கழற்றிவிட்டுப் பெரிய சக்கரம் மாட்டுகிறார்கள். சக்கரம் பெரிதாக ஆக, அது தாங்கும் சுற்று குறையும். எத்தனை சுற்றுத் தாங்கும் என்று சக்கரத்தின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. படித்துப் பார்த்து மாட்டுங்கள்.

“ஆள்தானே கழற்றினான்?” என்று முதலாளி கேட்பார். பாடிக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசி, நேற்றே முடி என்று விரட்டியது யார்?

ஆபத்தான யந்திரப் பாகத்துக்கு உறுதியான காப்பு வேண்டும் என்றது 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். மின்சாரத்தால் வேலை நடக்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. 2020-ல் நிறைவேற்றிய புதிய சட்டத் தொகுப்பு அதை 20 பேர் என்று உயர்த்தியது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலில் இருக்கிறது. நேற்றுத் தொழிற்சாலையாக இருந்த 12 பேர் பட்டறை இன்று தொழிற்சாலை அல்ல! ஆட்கள் குறைந்தால் கத்தி மழுங்கிவிடுமா?

விபத்து இழப்பீட்டு அட்டவணையைப் பாருங்கள். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதம் நஷ்டம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதம். கட்டைவிரல் இல்லாமல் கத்திரி பிடிப்பது எப்படி? பதிவேட்டில் பெயரே இல்லாதவன், அங்கே வேலை பார்த்தேன் என்று நிரூபிக்கவே அலைய வேண்டும்.

மில் தோழர்களே, விவசாயத் தோழர்களே! இது பட்டறைக்காரன் பிரச்னை என்று ஒதுங்காதீர்கள். மழை பொய்த்தால் உங்கள் பிள்ளைகள்தான் இந்தப் பட்டறைகளுக்கு வருகிறார்கள்.

நம் கோரிக்கைகள் நான்கு: ஒவ்வொரு மிஷினுக்கும் கார்டு; மிதிக்கு மூடி; முதலாளி செலவில் கண்ணாடியும் கையுறையும்; ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில். சக்கரம் மாற்றும்போதும், சிக்கிய தகட்டை எடுக்கும்போதும் மெயின் சுவிட்சை அணையுங்கள். கார்டு இல்லாவிட்டால் ஒருவன் மறுத்தால் அவன் வேலை போகும். பட்டறை முழுதும் சேர்ந்து மறுத்தால் கார்டு வரும். அதற்குத்தான் சங்கம். சேருங்கள்!