கற்றது கைக்கு வரட்டும்

(கல்லூரித் தமிழ் மன்ற விழா ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

 

"கல்லூரிப் பாடமும் நாள்வாழ்வும்" என்னும் தலைப்பில் பேசுமாறு மன்றத்தார் பணித்தனர். முப்பது ஆண்டுகள் வணிகவியல் கற்பித்தவன் நான். ஆகவே அறிவுரையில் தொடங்காமல், ஒரு கணக்கில் தொடங்குகிறேன். அது என் மாணவன் ஒருவன் பிழைவிட்ட கணக்கு. அவன் ஆசிரியனாகிய நானும் பிழைவிட்ட கணக்கு.

வட்டிக் கணக்கில் அவனை விஞ்சியவர் வகுப்பில் இலர். தேர்வில் தொண்ணூற்றுக்குக் குறையாத மதிப்பெண். அவன் தாயார் தெருமுனையில் இட்டலிக்கடை வைத்து அவனைப் படிக்கவைத்தவர். ஒருநாள் மாலை அந்தக் கடையில் நான் உண்டுகொண்டிருந்தபோது, மிதிவண்டியில் ஒருவர் வந்து நின்றார். அம்மையார் நூறு உருபாவை எடுத்துக் கொடுத்தார். வந்தவர் சிறு அட்டை ஒன்றில் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"என்னம்மா இது?" என்றேன்.

"தண்டல் ஐயா. பத்தாயிரம் என்று எழுதி ஒன்பதாயிரம் கையில் கொடுத்தார்கள். நாளுக்கு நூறு, நூறு நாளில் தீர்ந்துவிடும். ஆயிரந்தானே கூடுதல்? நூற்றுக்குப் பத்து வட்டிதானே!" என்றார் அவர்.

பக்கத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த என் மாணவனும் ஆம் என்று தலையசைத்தான்.

அன்றிரவே அவனை என் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் கணக்கிடச் சொன்னேன். ஒன்பதாயிரம் உருபா நூறு நாளும் அம்மையாரிடம் இருந்ததா? இல்லை. முதல் நாளே நூறு திரும்பிப் போகிறது. ஐம்பதாம் நாளில் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. ஆகவே நிரவலாக அவர் கையாண்டது 4,500 உருபா அளவே. அதற்கு நூறே நாளில் ஆயிரம் உருபா வட்டி! நுணுகிக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு 78 உருபா அளவில் வருகிறது. ஒன்று தீர ஒன்றாக ஆண்டு முழுவதும் தண்டல் வாங்கினால், அந்த ஏழைத்தாய் வட்டியாகவே 3,650 உருபா கொடுத்திருப்பார்.

விடையைப் பார்த்தவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "ஐயா, தேர்வுத்தாளில் 'நிலுவை குறைந்துவரும் கடன்' என்று தலைப்பிட்டுக் கேட்டிருந்தால் உடனே செய்திருப்பேன். இது தண்டல்தானே என்று இருந்துவிட்டேன்."

தம்பியரே, தங்கையரே! என் உரை முழுவதும் அந்த ஒரு விடைக்குள் அடக்கம். தேர்வுத்தாளில் வினாவுக்குத் தலைப்பு உண்டு, வாழ்க்கையில் இல்லை. "இது கணக்கியல் மூன்றாம் பாடம்" என்று நெற்றியில் எழுதிக்கொண்டு எந்தத் துன்பமும் வீட்டு வாயிலுக்கு வருவதில்லை. தண்டற்காரர் மிதிவண்டியில் வருகிறார். நோய் நள்ளிரவில் வருகிறது. வறட்சி சித்திரையில் வருகிறது. அவற்றை இன்ன பாடம் என்று அடையாளம் காண்பதே கல்வி. அந்த அடையாளத்தை அவனுக்கு நான் கற்பிக்கவில்லை. அதுதான் என் பிழை.

இன்னொன்றும் சொல்வேன். இயற்பியல், வேதியியல், உயிரியல், பொருளியல் என்று கல்லூரியில் வகுப்பறைக்கு வகுப்பறை சுவர் உண்டு. உலகத்திற்கு அந்தச் சுவர் இல்லை. ஒரே சிக்கலுக்குள் நான்கு துறைகள் கைகோத்து நிற்கும். இதற்கு வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

1971ஆம் ஆண்டு. கிழக்குப் பாக்கித்தானில் விடுதலைப் போர். இலக்கக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்கத்திற்கு ஏதிலியராய் ஓடிவந்தனர். போன்காவ் என்னும் ஊரில் அவர்களிடையே காலரா என வழங்கும் கக்கல்கழிச்சல் பரவியது. குருதிக்குழாய் வழியே ஏற்ற வேண்டிய உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. நோயாளிகள் தரையில் கிடந்தனர். அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிசு ஒரு முடிவெடுத்தார். உப்பு, குளுக்கோசுச் சருக்கரை, சோடா உப்பு ஆகியவற்றை அளவாகக் கலந்து, நீரில் கரைத்து, வாய்வழியே குடிக்கக் கொடுக்கச் செய்தார். ஊட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்களே. நூற்றுக்கு 30 பேர் அளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது.

உப்பும் சருக்கரையும் உயிர்காத்தது எவ்வாறு? குடலின் உட்சுவர் உப்பையும் சருக்கரையும் இணையாகவே உள்வாங்கும் என்பதை 1960இல் இராபர்ட்டு கிரேன் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். அவை உள்ளே சென்றால், செறிவு மிகுந்த பக்கம் நோக்கி நீர் பின்தொடரும். இது நீங்கள் படிக்கும் சவ்வூடு பரவல். சருக்கரை அளவுக்கு மிஞ்சினாலோ அதே சவ்வூடு பரவல் உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும், கழிச்சல் மிகும். உப்பு மிஞ்சினால் குழந்தைக்குக் கேடு. எனவே அளவு வேண்டும். தூய நீர் ஓர் இலிட்டர்; சருக்கரை ஆறு தேக்கரண்டி; உப்பு அரைத் தேக்கரண்டி; இரண்டையும் தலைதட்டி அளத்தல் வேண்டும். பாருங்கள்! இயற்பியல், வேதியியல், உடலியல், கணக்கு நான்கும் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிட்டன. இந்த மருத்துவ முறை நூற்றாண்டின் தலையாய முன்னேற்றமாகக் கூடும் என்று இலான்செட்டு என்னும் மருத்துவ இதழ் 1978இல் எழுதியது.

கதை இதனோடு முடியவில்லை. இதற்குப் பின் நடந்ததே நமக்குப் பாடம். விடுதலை பெற்ற வங்காள நாட்டில் பிராக்கு என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள் வீடுவீடாகச் சென்று தாய்மார்க்கு இதனைக் கற்பித்தது. ஏறத்தாழ ஒருகோடியே இருபது இலக்கம் வீடுகள்! தேக்கரண்டியும் அளவுக்குடுவையும் இல்லாத குடிசைகள் அவை. ஆகவே மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கையளவு வெல்லம், அரைச் சேர் நீர் என்று அவர்கள் வீட்டு அளவையிலேயே, அவர்கள் தாய்மொழியிலேயே சொல்லிக்கொடுத்தனர். கற்பித்த பெண்களுக்கு ஊதியம் எதை வைத்துத் தெரியுமா? எத்தனை வீடு சென்றார்கள் என்பதை வைத்தன்று. கேட்ட தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்துள்ளனர், சரியாகக் கலக்குகின்றனரா என்று பின்னர் ஆய்ந்து பார்த்து, அதற்கேற்ப ஊதியம்!

அப்படியும் தொடக்கத்தில் தாய்மார் அதைப் பெரிதும் பயன்படுத்தவில்லை. கரணியம் தேடியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. கற்பித்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தமக்கு வந்தபோது அவர்களே அதைக் குடிக்கவில்லை. பிறகு அது வேலைசெய்யும் முறையை அவர்களுக்கு விளங்கவைத்தனர். அதன்பின் அவர்கள் தாய்மார் கண்ணெதிரே தாமே கலக்கிக் குடித்துக் காட்டினர். நிலைமை மாறியது.

ஆசிரியப் பெருமக்களே, இதை எனக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நாம் குடிக்காத மருந்தை மாணவர்க்கு ஊட்ட முடியாது.

இனி மொழியைப் பற்றிச் சில சொற்கள். மொழியை இங்கே வலிந்து இழுக்கவில்லை. பொருளே அங்கே கொண்டுசேர்க்கிறது. சவ்வூடு பரவல் என்ற சொல்லைக் கேளுங்கள். சவ்வின் ஊடே பரவுதல் என்று அதுவே தன்னை விளக்கிவிடுகிறது. அதன் ஆங்கிலப் பெயரை மட்டும் உருப்போட்ட மாணவன் விடைத்தாளில் எழுதுவான். தன் அக்காள் குழந்தைக்குக் கழிச்சல் கண்டபோது அந்த ஒலி அவனுக்கு ஒன்றும் சொல்லாது. வீட்டில் பேசும் மொழியில் இல்லாத அறிவு வீட்டுக்குள் நுழைவது அரிது.

ஆனால் நம்மவர் ஒன்றை மறக்கலாகாது. தமிழ்ச்சொல்லையும் பொருள் உணராமல் உருப்போட்டால் அதுவும் அயற்சொல்லே! கலைச்சொல் ஆக்குவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அந்தச் சொல் அடுக்களைக்கும் கழனிக்கும் கடைத்தெருவுக்கும் சென்று வேலைசெய்ய வேண்டும். வேலைசெய்யாத சொல் அகரமுதலியில் உறங்கும் சொல்.

எனவே துறைக்கு ஒன்றாக உங்களுக்குச் சில வேலைகள் தருகிறேன்.

புள்ளியியல் படிப்போரே! "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது கூறெடுத்தல் முறையே. ஆனால் அது ஏன் பொருந்துகிறது? பானைச்சோறு ஒரே நீரில், ஒரே அளவாக வெந்தது. அரிசி மூட்டைக்கு அது பொருந்தாது. மேலே நல்லரிசியும் அடியில் நொய்யும் இருக்கலாம். அதனால்தான் நெடுநாளைய வணிகர் குத்தூசியைப் பல இடங்களில் குத்திப் பார்ப்பார். தேநீர்க்கடையில் மூவரிடம் கேட்டுவிட்டு "ஊரே இப்படித்தான்" என்று முடிவுகட்டுகிறவர், பட்டம் பெற்றிருந்தாலும் குத்தூசிக்காரரிடம் பாடம் கேட்க வேண்டியவர்.

நிலவியல், இயற்பியல் படிப்போரே! ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஓர் இலிட்டர் நீர். உங்கள் மொட்டைமாடி 50 சதுர மீட்டர், ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். 45,000 இலிட்டர்! ஐந்தில் ஒருபங்கு வீணானாலும் 36,000 இலிட்டர் எஞ்சும். 12,000 இலிட்டர் கொள்ளும் தண்ணீர் வண்டி மூன்று உங்கள் தலைக்கு மேலே இலவயமாக வந்து நின்று போகிறது. மழைநீர்ச் சேமிப்பு தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டுக் குழாயின் வாய் அடைபட்டிருக்கிறதா என்று எத்தனை பேர் குனிந்து பார்த்தீர்கள்?

அரசறிவியல் படிப்போரே! தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது என்று எழுதினால் ஒரு மதிப்பெண். உங்கள் தெருச் சாலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பத்து உருபாக் கட்டணத்துடன் ஒரு மடல் எழுதினால், முப்பது நாளில் விடை தர வேண்டியது அலுவலரின் கடமை. அந்த மடலை எழுதியவரே அச்சட்டத்தைப் படித்தவர்.

வணிகவியல் படிப்போரே! "நூற்றுக்கு 12தான் வட்டி" என்று தவணைக் கடன் விற்போர் உங்கள் ஊருக்கும் வருவர். 12,000 உருபாக் கடன். முழுத்தொகைக்கும் ஓராண்டு வட்டி 1,440. மாதம் 1,120 வீதம் பன்னிரண்டு தவணை. கடன் மாதந்தோறும் குறைகிறது. வட்டி மட்டும் குறையாத முதலுக்கே போடப்பட்டுள்ளது. உண்மை வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 21 உருபாவுக்கும் மேல். இதை உங்கள் பெற்றோர் கையொப்பமிடும் முன்னே சொல்லுங்கள். பின்னே சொல்வதில் பயனில்லை.

கற்பதையும் கற்றபடி நிற்பதையும் ஒன்றாகவே கண்டவர் வள்ளுவர். அவர் வழியில் வந்த நாம் கற்றலைத் தேர்வுக்கும், நிற்றலை மேடைப் பேச்சுக்கும் விட்டுவிட்டோம். இந்த நிலை மாறப் பெரிய திட்டங்கள் வேண்டா. கிழமைக்கு ஒரு நாள், அந்தக் கிழமையில் படித்த கருத்து ஒன்றைப் படிக்காத ஒருவருக்கு வீட்டுச் சொற்களால் விளக்குங்கள். அவருக்கு விளங்கினால் உங்களுக்கு விளங்கிற்று. அவர் "அதனால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு, அதற்கு உங்களிடம் விடை இருந்தால் நீங்கள் கற்றவர்.

இறுதியாக அந்த இட்டலிக்கடைக்கு மீண்டும் வருகிறேன். மறுநாள் காலை என் மாணவன் தன் தாய்க்குக் கணக்குச் சொன்னான். நிரவல், விழுக்காடு என்று தொடங்கினானாம், அம்மையாருக்கு விளங்கவில்லை. பிறகு நூறு புளியங்கொட்டைகளைப் பரப்பி, நாளுக்கு ஒன்றாக எடுத்துவைத்துக் காட்டினான். பாதி எடுத்ததும் அந்த அம்மையாரே கையை நீட்டி நிறுத்தினாராம்: "போதுமடா! பாதிப் பணம் போன பிறகும் முழுப்பணத்துக்கு வட்டி கட்டுகிறேன். அதுதானே?"

ஆம், அதுதான். எழுதப் படிக்க அறியாத அந்தத் தாய், பட்டப்படிப்பின் ஒரு பாடத்தை அரைமணி நேரத்தில் கற்றுத் தேர்ந்தார். அந்தத் தண்டலைத் தீர்த்தபின் மகளிர் தன்னுதவிக் குழுவில் சேர்ந்து, குறைந்த வட்டிக்கு வங்கிக் கடன் பெற்றார். மிதிவண்டி பிறகு அந்தக் கடைமுன் நிற்கவில்லை.

அவன் பெற்ற தொண்ணூறு மதிப்பெண்ணை நான் மறந்துவிட்டேன். அந்தப் புளியங்கொட்டைகளை மறக்கவில்லை. உங்கள் வீட்டிலும் புளியங்கொட்டை இருக்கும், எடுத்துப் பரப்புங்கள்.